ஆறு மூலைக் கோலம்

கள்ளிவலசு அரசு மேல்நிலைப் பள்ளியில், மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து நாலு மாதமே ஆகியிருந்த உயிரியல் டீச்சர் ஜெபக்கனி, மூன்றாவது பீரியடில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்காகக் கரும்பலகையில் குளுக்கோஸின் படத்தை வரைந்து முடித்த அதே நேரத்தில், சத்துணவுக்கூடத்துச் சாமான் அறையில் இருந்த எறும்புகள் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பின.

அதைப் பார்த்தவள் சத்துணவு அமைப்பாளர் திருமாத்தாள். பதினெட்டு வருஷமாக அந்த அறையில் எறும்புகளோடு மல்லுக்கட்டி, மஞ்சள்தூளைத் தூவியும், டப்பாவைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்தியும், எறும்புச் சாக்பீஸால் கோடு கிழித்தும் தோற்றுப்போனவள் அவள். அரசியல் தலைவர் ஒருவரின் பிறந்தநாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைப்பதற்காக எடுத்து வைத்திருந்த வெல்ல டப்பா அன்று மூடி திறந்து கிடந்தது. எறும்புகள் அதன் விளிம்போரமாகவே நடந்து, அதைத் திரும்பியும் பார்க்காமல், வரிசையாக வாசலைத் தாண்டிப் போயின. அவளுக்கு வந்தது ஆச்சரியம் இல்லை, சந்தேகம். முதலில் வெல்லத்தைச் சந்தேகப்பட்டாள். ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டாள், இனித்தது. பிறகு வெல்லத்தைக் கொடுத்த கடைக்காரரைச் சந்தேகப்பட்டாள், பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரங்கநாயகியை, கடைசியில் எறும்புகளையே. வரும் மூட்டையின் தையலை விரலால் தடவிப் பார்த்து, முட்டையைக் காதோரம் ஆட்டிப் பார்த்து, உப்பைக்கூட நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே விடுகிற பொம்பளை அவள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எறும்பு வரிசையின் பின்னாலேயே நடந்தாள்.

வரிசை மைதானத்தைக் கடந்து, கொடிக்கம்பத்தைச் சுற்றி, பிளஸ் ஒன் வகுப்புக்குள் நுழைந்து, சுவரேறி, கரும்பலகையில் முடிந்தது. அங்கே ஆறு மூலையுள்ள ஒரு கட்டம். ஐந்து மூலையில் கார்பன், ஆறாவது மூலையில் ஆக்சிஜன், இன்னொரு கார்பன் மட்டும் கட்டத்துக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை பதில் தெரிந்து கை தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு நின்றது. எறும்புகள் அந்தச் சாக்பீஸ் கோட்டை ஒரு முனையிலிருந்து தின்றுகொண்டு வந்தன. டீச்சர் பலகையின் ஓரமாக நகர்ந்து நின்று, அவசரப்படாமல் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உருவம் சரியா இருந்தா உயிருள்ளது எல்லாம் இத அடையாளம் கண்டுக்கிடும். உங்க உடம்பும் அப்படித்தான். வேற ஒண்ணும் இல்ல, எழுதிக்கோங்க."

சொல்லிக்கொண்டே நாலாவது மூலையில் கீழே போட வேண்டியதை மேலே போட்டு இன்னொரு கட்டம் வரைந்து காட்டினார். அது பாலில் இருக்கிற சர்க்கரையாம். எறும்புகள் அதன் முன்னால் கொஞ்சம் தயங்கி நிற்க, எங்கிருந்தோ வந்த பூனைக்குட்டி ஒன்று பலகைக்குக் கீழே அமர்ந்து மேலே பார்த்து வாயைத் திறந்தது. பிள்ளைகள் பூனையையும் வரைந்துகொண்டார்கள்.

திருமாத்தாள் திரும்பி வந்து ரங்கநாயகியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அந்தப் பொம்பள சாக்பீஸ்ல என்னமோ மருந்து வெச்சிருக்கறா."

அவள் சொன்னது அவ்வளவுதான். சாயங்காலம் பால் சொசைட்டிக்குப் போய்ச் சேரும்போது அந்தப் பேச்சு நாலு பேர் வாயில் நாலு விதமாக இருந்தது.

ஆனாலும் ஊர் பயந்துவிடவில்லை. எறும்பு வருவது வாசலுக்கு நல்லது என்று நினைக்கிற ஊர் அது. பிள்ளைகள் நோட்டில் எழுதிப்போன படத்தைத் தாய்மார்கள் பார்த்தார்கள். ஊடுபுள்ளி, நேர்புள்ளி என்று இருபத்தொரு புள்ளிக் கோலத்தைப் பார்க்காமல் போடுகிற கைகளுக்கு ஆறு மூலைக் கட்டம் ஒரு வேலையே இல்லை. அடுத்த நாள் காலையில் மூன்று வாசல்களில் இருந்தது; அந்த வாரம் முடியுமுன் முந்நூறு வாசல்களில் இருந்தது. அரிசி மாவே வேண்டாம், வெறும் கல்மாவால் போட்டாலும் போதும், எறும்பு வந்து தின்றது, சிட்டுக்குருவி வந்து தின்றது, கோழிகள் அதைத் தின்று தின்று நடக்க முடியாமல் நடந்தன. டீச்சர் வகுப்பில் அடுத்து என்ன வரைகிறார் என்று ஊரே காத்திருந்தது. கட்டத்தோடு கட்டத்தைக் கை கோத்து, எல்லாக் கையும் ஒரே பக்கம் தூக்கியிருக்கும்படி நீளமாக வரைந்தால் அது மாவுச்சத்து, அரிசியிலும் கிழங்கிலும் செடி தனக்காகச் சேர்த்து வைப்பது. அதையே முருங்கை மரம்போலக் கிளைக்குமேல் கிளை விட்டு வரைந்தால், அது நம் ஈரலிலும் சதையிலும் அவசரத்துக்கு ஒளித்து வைத்திருப்பது. அதை வாசலில் போட்ட வீட்டுக்குத் தெருநாய்கள் வந்து படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றன. ஒரு பெண் ஒவ்வொரு கட்டத்துக்கும் சின்ன வால் ஒன்று வைத்துப் போட, அது வண்டின் ஓடாக இறுகி, சீமாற்றால் கூட்டப்போன மாமியாரின் சீமாறு முறிந்தது. இதெல்லாம் இரண்டே வாரத்துக்குள் கள்ளிவலசில் சாதாரணமாகிவிட்டது. வெளியூரிலிருந்து விருந்துக்கு வந்த ஒரம்பரைக்காரர்கள் கேட்டால், "எங்கூர்ல அப்படித்தானுங்க," என்று சொல்லிவிட்டுக் காப்பி வைக்கப் போனார்கள்.

திருமாத்தாள் மட்டும் கோலம் போடாமல், பிளஸ் ஒன் வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே மணையைப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அப்படி உட்கார்ந்திருந்த நாளொன்றில்தான் டீச்சர் அந்தப் பாடத்தை நடத்தினார்.

"சோறும் வைக்கோலும் ஒரே மணிதான். கோத்த விதந்தான் வேற. ஒண்ணு நேரா, அடுத்தது தலகீழா, மறுபடி நேரா, மறுபடி தலகீழா கோத்தா, அது முறுக்கிக்கிட்டு நிக்கும், வளையாது, நம்ம வயித்துக்கு ஒண்ணும் ஆகாது. இதுதான் செல்லுலோஸ். மரம் நிக்கறது, பஞ்சு நூலா வர்றது, உங்க நோட்டு எல்லாம் இதுனாலதான்."

பலகையில் கவிழ்த்துக் கவிழ்த்து வரைந்து முடித்ததும் திருமாத்தாளின் தோளுக்கு மேல் ஒரு மாட்டின் மூச்சு பட்டது. நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலில் இரண்டு மாடுகள். டீச்சர் அவசரமாகப் பலகையை அழித்துவிட்டுச் சொன்னார்: "இத யாரும் வீட்ல போட்டுப் பாக்காதீங்க. மாடு வந்தா போயிரும். கரையான் வந்தா போகாது."

போடாதீர்கள் என்று சொன்னதால்தான் அது ஊருக்கே தெரிந்தது.

முதலில் போனது அரிசி ஆலை நாச்சிமுத்துவின் வாசல் கதவு. ஊராட்சித் தலைவரான அவர் போன ஐப்பசியில்தான் தேக்கில் அதைச் செய்து மாட்டியிருந்தார். ஒன்பதே நாளில், பார்க்கக் கதவாகவும் விரலால் குத்தினால் பொடியாகவும் ஆகிவிட்டது. வாசலில் கிடந்த கால்மிதியைத் தூக்கிப் பார்த்தார்கள்; அடியில் சுண்ணாம்பால், ஒன்று நேரும் ஒன்று கவிழ்ந்தும், பதினோரு கட்டம்.

யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. தெரியாமல் போனதுதான் கெடுதலாகிவிட்டது. அன்றிலிருந்து கள்ளிவலசில் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் நுழையும் முன், கேட்காமலேயே, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு நுழைவது பழக்கமாயிற்று. தண்ணீர் கேட்டவருக்குச் சொம்பை வெளியே கொண்டுவந்து கொடுத்தார்கள். கல்யாணத்துக்குக் குடும்பத்தில் பாதிப் பேர் போனார்கள், பாதிப் பேர் வீட்டில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டார்கள். காலையில் கோலம் போட்டவள் உள்ளே போகாமல், எறும்பு வந்து தின்னத் தொடங்கும்வரை, எதிர்வீட்டுக்காரி பார்க்கும்படி, பக்கத்திலேயே நின்றாள். நிச்சயமான பெண் ஒருத்திக்கு, அவள் கை ரொம்ப வேகமாகக் கோலம் போடுகிறது என்பதற்காகவே கல்யாணம் நின்றுபோனது. ஊரே தன்னைப் போல ஆகிவிட்டதில் திருமாத்தாளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. இத்தனை வருஷம் அவள் ஒருத்தி பார்த்த வேலையை இப்போது எல்லோரும் பார்த்தார்கள்.

அவள் வீடும் அவள் ஓரகத்தி பாவாத்தாளின் வீடும் ஒரே வீடாக இருந்து நடுவில் சுவர் வைத்துப் பிரித்தவை. திருமாத்தாளின் வீட்டுக்காரர் அர்த்தநாரி லாரி ஓட்டுபவர், வடக்கே போனால் இருபது நாள் ஆகும். பாவாத்தாளின் வீட்டுக்காரர் சென்னியப்பன், அர்த்தநாரியின் தம்பி, தறிப்பட்டறைக்குப் போகிறவர். சுவர் வைத்த நாளிலிருந்து ஓரகத்திகளுக்குள் சண்டை என்று ஒன்று வந்ததில்லை. சண்டை வராததையும் திருமாத்தாள் சந்தேகத்தோடுதான் பார்த்து வந்தாள்.

பங்குனி முதல் வாரத்தில், கல்யாணத்துக்குத் தாய்வீட்டில் கொடுத்த மரப்பெட்டியின் பின்காலில் செம்மண் கோடு ஒன்று ஏறியிருப்பதை அவள் பார்த்தாள். விரலால் தட்டினாள், உள்ளே வெள்ளையாகக் கரையான். பெட்டி நிறையப் புடவையும் பித்தளையும். ஒருத்தியால் நகர்த்த முடியாது. நகர்த்த வேண்டிய தேவையும் அவளுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை உறைமோர் கேட்டு வந்த பாவாத்தாள் அந்தப் பெட்டியில்தான் சாய்ந்து நின்றாள். எத்தனை நேரம் நின்றாள், கை எங்கே இருந்தது, போகும்போது உள்ளங்கையைக் காட்டினாளா என்றெல்லாம் திருமாத்தாள் வெங்காயம் உரிக்கும்போதும் அரிசி களையும்போதும் நினைத்து நினைத்துப் பார்த்தாள். வந்தபோது காட்டினாள். போகும்போது காட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பாவாத்தாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"காங்கேயத்துல சீருங் அக்கா. ரெண்டு பேரும் போகலீன்னா மனத்தாங்கலாயிரும். வீட்டப் பாத்துக்கறீங்களா?" என்று சாவியை நீட்டினாள்.

ஊரில் ஒருவரும் ஒருவரிடமும் சாவி கொடுக்காத காலம் அது. திருமாத்தாள் சாவியை வாங்கிக்கொண்டு, இவள் நம்புவதுபோல நடிக்கிறாள், குற்றமுள்ளவள்தான் இப்படி நம்பிக்காட்டுவாள் என்று நினைத்தாள். பஸ் போன சத்தம் கேட்ட பிறகு, பள்ளியிலிருந்து கொண்டு வந்திருந்த சாக்பீஸை இடுப்பில் செருகிக்கொண்டு பாவாத்தாளின் வீட்டைத் திறந்தாள். பகல் பதினோரு மணி. வெயில் ஓட்டுச் சந்து வழியாக விழுந்து தரையில் காசு காசாகக் கிடந்தது. உத்தரத்துக்கு நேர்கீழே, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரு கட்டம், அதன் கையைப் பிடித்து இன்னொரு கட்டம், இன்னொரு கட்டம் என்று ஏழு கட்டம் வரைந்தாள். தெருவில் யாரோ இருமினார்கள். அவள் காது முழுக்க வெளியே இருந்தது. வரைந்து முடித்துக் காலண்டரைத் தொங்கவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்து, சாவியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அவளுக்கு வருத்தம் எதுவும் தோன்றவில்லை. தோன்றியதெல்லாம், எத்தனை நாளாகும் என்பதுதான்.

பன்னிரண்டாம் நாள் காலையில், பாவாத்தாள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, உத்தரம் நடுவில் முறிந்து ஒரு பக்கத்து ஓடுகளோடு இறங்கியது. அவளுடைய வலது கை முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் ஒடிந்தது. சத்தம் கேட்டு ஓடியவர்களில் திருமாத்தாள் முதலாவது. புழுதிக்குள் அந்த வலது கையைப் பார்த்தாள், விரல்களில் தோசை மாவு அப்படியே இருந்தது. அவள்தான் பாவாத்தாளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினாள், அவள்தான் மடியில் தலையை வைத்துக்கொண்டு ஈரோடு பெரியாஸ்பத்திரிவரை போனாள். வழியெல்லாம் பாவாத்தாள், "அக்கா, அடுப்ப நிறுத்தீட்டீங்களா, அடுப்ப நிறுத்தீட்டீங்களா," என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் காலண்டர் விழுந்துவிட்டது. அதன் பின்னால் இருந்ததை ஊர் பார்த்துவிட்டது. சென்னியப்பன் சுவரிலிருந்து அந்த ஏழு கட்டம் இருந்த காரைத் துண்டை அப்படியே பெயர்த்து முறத்தில் வைத்து எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனார்.

ஊர் யாரைச் சொல்லும் என்பதில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை. ஜெபக்கனி டீச்சர் அந்த வீட்டுக்கு இரண்டு தரம் களி சாப்பிட வந்திருக்கிறார். படத்தைக் கொண்டுவந்ததே அவர். காங்கேயம் போன நாளில் வீட்டுச் சாவி யாரிடம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. சாக்பீஸில் மருந்து என்று மாசியிலேயே பேச்சு இருந்தது. டீச்சர் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர், அவர் பள்ளிக்குப் போயிருந்த நேரம் பார்த்து வேறு பூட்டைப் போட்டுவிட்டார். டீச்சர் அன்றைக்கு ரங்கநாயகி வீட்டில் தங்கினார். அவர் சாப்பிட்ட தட்டை ரங்கநாயகி தனியாகக் கழுவி வைத்தாள். இதைக் காலையில் அவள் வந்து சொன்னபோது திருமாத்தாளின் கையிலிருந்த அரிசி சுளகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தன் வாயிலிருந்து போன ஒரு பேச்சு ஊரைச் சுற்றிவிட்டு வந்து தன்னையே காப்பாற்ற நிற்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம், கொஞ்சமே கொஞ்ச நேரம், அது அவளுக்கு இதமாக இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளி மைதானத்தில் ஊர் கூடியது. முறத்தில் காரைத் துண்டு நடுவில் இருந்தது. தலைவர் நாச்சிமுத்து, தன் கதவு போன நாளிலிருந்து யோசித்து வைத்திருந்த ஒரு யோசனையைச் சொன்னார்.

"எழுத்துல கை தெரியுமில்லீங்களா, கோலத்துலயும் தெரியும். டீச்சரும் வரையட்டும், ஊர்ப் பொம்பளைங்க அத்தன பேரும் இங்க வந்து ஆளுக்கொரு கட்டம் போடட்டும். எந்தக் கைன்னு பாத்துரலாம்."

பெண்கள் வரிசையில் நின்றார்கள். திருமாத்தாள் முப்பதாவதாகவோ முப்பத்தொன்றாவதாகவோ நின்றாள். யார் யார் கை எப்படி என்று தெருவுக்கே தெரியும். கட்டத்தை வலது கீழ் மூலையிலிருந்து தொடங்கி அதே மூலையில் முடித்து, முடித்த இடத்தில் ஒரு பொட்டு கூடுதலாக இழுத்துவிடுவது அவள் கை. மாற்றிப் போட்டால் மாற்றிப் போட்டதும் தெரியும். முன்னால் நின்றவள் நகர, இவள் நகர, தன் முறை வர இன்னும் பதினைந்து பேர், பன்னிரண்டு பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். கட்டிலில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்த பாவாத்தாள், மாவுக்கட்டுப் போட்ட கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, வரிசையைப் பார்க்காமல், மைதானத்துக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஜெபக்கனி டீச்சர் எழுந்து முறத்தின் பக்கத்தில் வந்து குந்தினார். அதுவரை அவரிடம் யாரும் அந்தத் துண்டைக் காட்டியிருக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பிள்ளையின் பரீட்சைத்தாளைப் பார்ப்பதுபோல, முதல் கட்டத்திலிருந்து ஏழாவதுவரை விரலை வைத்துக்கொண்டே போனார்.

"இது செல்லுலோஸ் இல்லீங்கய்யா," என்றார்.

"பின்ன?"

"ஏழும் ஒரே பக்கந்தான் கை தூக்கியிருக்கு. ஒண்ணுகூடக் கவுக்கல. இது அரிசி. இதுக்குக் கரையான் வராது."

"உங்களக் காப்பாத்திக்கறதுக்கு அப்படித்தான் சொல்லுவீங்க," என்றார் சென்னியப்பன்.

டீச்சர் காரைத் துண்டை எடுத்து மண்ணில் வைத்துவிட்டு, மூன்றடி பின்னால் போய் நின்றார். ஊர் முழுக்கப் பார்த்தது. கொடிக்கம்பத்தின் அடியிலிருந்து பிள்ளையார் எறும்புகள் புறப்பட்டு, கூட்டத்தின் கால்களுக்கு இடையே வழி கண்டுபிடித்து, துண்டின்மேல் ஏறி, ஏழாவது கட்டத்தின் கடைசியில் கூடுதலாக இழுத்திருந்த பொட்டிலிருந்து தின்னத் தொடங்கின. பிறகு இரண்டு குருவிகள் வந்தன. கரையான் வரவில்லை. கால்மணி நேரத்தில் காரைத் துண்டு வெறும் காரைத் துண்டாக இருந்தது; எந்தக் கை என்று ஒத்துப் பார்க்க ஒரு கோடும் மிச்சமில்லை.

திருமாத்தாள் தன் வலது கையைப் பார்த்தாள். கவிழ்த்துப் போட்டதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். நேராக ஒன்று, கவிழ்த்து ஒன்று என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் வரைந்தாள். காது தெருவில் இருந்த நேரத்தில் கை தனக்குத் தெரிந்த வேலையைப் பார்த்துவிட்டிருக்கிறது.

"அப்ப உத்தரம் எப்படிங்க போச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

தச்சு வேலை பார்க்கும் மாரப்ப ஆசாரி, இடிந்த வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த மரத்துண்டை நீட்டினார். பனைமரத்துப் பனங்கை உத்தரம், மேலே ஓடு விலகி மூன்று மழைக்காலம் தண்ணீர் இறங்கியிருக்கிறது, கரையான் அப்போதே ஏறிவிட்டது, கோலம் வருவதற்கு முன்னாலேயே அது பாதிதான் மரம் என்றார். நாச்சிமுத்துவின் கதவைப் பற்றி அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கூட்டத்துக்கு அது போதவில்லை. ஒரு ஆள் கிடைத்திருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார்கள்; ஆளில்லாமல் போகவேண்டியிருந்ததால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனார்கள். டீச்சரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வாடகை வீட்டுக்காரர் மட்டும் மத்தியானம் வந்து பழைய சாவியைக் கொடுத்து, "பூட்டு ரிப்பேராயிருந்துச்சுங்க," என்றார். திங்கட்கிழமை பெற்றோர்கள் பத்துப் பேர் தலைமை ஆசிரியரைப் பார்த்து, அடுத்த பாடம் புரதம் என்று கேள்விப்பட்டதாகவும், அதைப் படம் போடாமல் வாயாலேயே நடத்த முடியுமா என்றும் கேட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் வட இந்தியாவிலிருந்து திரும்பியிருந்த அர்த்தநாரியைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் திருமாத்தாள் மரப்பெட்டியை நகர்த்தினாள். அடியில் சாக்பீஸும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. தரை ஈரமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது அவளுடைய சொந்தத் துணி துவைக்கும் கல். அதன் கழிவுத் தண்ணீர் சுவரடியில் ஊறி உள்ளே வந்திருக்கிறது. அர்த்தநாரி, "கல்ல எடுத்து அந்தாண்ட போட்டுட்டா சரியாப் போகும்," என்றார். அவள் ஈர மண்ணைக் கையால் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், சோப்பு வாசம் அடித்தது. அவர் சாப்பிடக் கூப்பிட்டபோது, பசியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

இடிந்த பக்கம் தார்ப்பாய் கட்டியிருந்தது. பாவாத்தாள் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் சாதத்தைப் பிசைந்து பழகிக்கொண்டிருந்தாள். திருமாத்தாள் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வழக்கப்படி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"அது எதுக்குங் அக்கா," என்றாள் பாவாத்தாள். "உங்க கை எனக்குத் தெரியாதா. காங்கேயத்துலருந்து வந்த மூணாம் நாள் காலண்டர்ல நல்ல நேரம் பாக்கறேன், அதுக்குப் பின்னால எறும்பு போகுது. தூக்கிப் பாத்தேன். எறும்ப வெரட்டிட்டு, சுத்தியும் மண்ணெண்ணெயில ஒரு கோடு இழுத்துவிட்டேன்."

திருமாத்தாள் விரித்த கைகளை மடக்கிக்கொண்டாள். பிறகு, "பாத்துட்டு ஏன் அழிக்கல?" என்று கேட்டாள்.

"எறும்புதான வந்துது. எதுக்குப் போட்டீங்கன்னு யோசிச்சேன். நல்லதுக்குப் போட்டிருப்பீங்கன்னு எனக்கு ஒரு நிமிசங்கூடத் தோணல. ஒழுங்காப் போடத் தெரியலன்னுதான் நெனச்சேன்."

"நெசந்தான். கவுத்துப் போடத்தான் வந்தேன். பெட்டியில கரையான் ஏறினது உன்னாலன்னு நெனச்சு வந்தேன்."

"ம்."

"கூட்டத்துல எதுக்குச் சொல்லாம இருந்த?"

பாவாத்தாள் ஒரு வாய் சாதத்தை இடது கையால் எடுத்து, பாதி சிந்தி, பாதி தின்றாள். "சொல்லீட்டு? நாளைக்கு யாரு சொவத்த ஒட்டி நான் குடியிருக்கறது?" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்த டீச்சர ஊர் பிடிச்சபோதும் நான் சொல்லல. அது எனக்கே கேவலமாத்தான் இருக்குது," என்றாள்.

"அத முதல்ல கெளப்பி விட்டதும் நான்தான்," என்றாள் திருமாத்தாள்.

தார்ப்பாய் காற்றில் ஏறி இறங்கியது. சென்னியப்பன் தறியிலிருந்து வரும் நேரம். பாவாத்தாள் தட்டைக் கீழே வைத்தாள்.

"கட்டுப் பிரிக்க ரெண்டு மாசமாகுமாம். அதுவரைக்கும் என் வாசல் சும்மா கெடக்கக்கூடாது. காலைல வந்து நீங்கதான் போடோணும்."

"நானா? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் பாக்கட்டும்."

மறுநாள் விடிந்து வெளிச்சம் வந்ததும் திருமாத்தாள் பாவாத்தாளின் வாசலைத் தெளித்துக் கூட்டினாள். எதிர்வீட்டில் ஒருத்தி பல் விளக்குவதுபோல நின்றாள், மூன்றாம் வீட்டில் இருவர் நின்றார்கள், தெருக்கோடியில் பள்ளிக்குக் கிளம்பிய ஜெபக்கனி டீச்சர் நடையைக் குறைத்தார். திருமாத்தாள் அவரைப் பார்த்து நிமிர்ந்து, எல்லோர் காதிலும் விழும்படி, "சாக்பீஸ்ல மருந்துன்னு உங்களப் பத்தி மொதல்ல சொன்னவ நான்தானுங்க டீச்சர்," என்றாள். டீச்சர் நின்றார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று தெருவுக்குப் பிடிபடவில்லை. "மத்தியானம் சாமான் ரூமுக்கு வாறேன், பேசணும்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கல்மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திருமாத்தாள் குந்தினாள். பாவாத்தாள் கட்டுப்போட்ட கையோடு நிலைப்படியில் வந்து உட்கார்ந்திருந்தாள். முதல் கட்டத்தைப் போடும்போது திருமாத்தாளின் விரல்களுக்குள்ளிருந்து மாவு கொட்டிப்போனது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். இந்த மூலையில் ஆக்சிஜன், இந்தக் கை மேலே, அடுத்த கட்டத்தின் கையும் மேலே என்று உதடு அசையச் சொல்லிக்கொண்டு போட்டாள். இரண்டாவது கட்டம் முடிந்து மூன்றாவதைத் தொடங்கியபோது, பாவாத்தாள் இடது கையை ஊன்றி எழுந்தாள்.

"எங்க போற? முடிக்கற வரைக்கும் பாரு," என்றாள் திருமாத்தாள்.

"அடுப்புல பால் இருக்குதுங் அக்கா," என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தாமல், திரும்பிப் பார்க்காமல், பாவாத்தாள் உள்ளே போனாள்.